ஒரே ஓட்டை, ரெண்டு துப்பாக்கி

ரோட்டுல உட்கார்ந்து மான் சுடுறவங்களைப் பத்தி முப்பது வருஷமா நான் பேசாத பேச்சு இல்லை. "டயர் வேட்டைக்காரன்"னு பேர் வச்சதே எங்க வீட்டுலதான். வண்டிக்குள்ள ஹீட்டரைப் போட்டுக்கிட்டு, மடியில டோநட் பெட்டியை வச்சுக்கிட்டு, கண்ணாடியை இறக்கி டுமீல்னு சுட்டுட்டு, "இன்னிக்கு வேட்டைக்குப் போனேன்"னு பொண்டாட்டிகிட்ட அளக்கற ஆளுங்க. எங்க ஊர் லீலண்ட் அதுல முதல் ஆள். நானும் என் புருஷன் அர்மாணும் அந்த ரகம் இல்லை. நவம்பர்ல பனி விழுந்தா, விடியும்போது ஒரு கொம்பனோட, அதான் ஆண் மானோட, தடத்தைப் பிடிப்போம். அது எங்க போகுதோ அங்க நாங்களும் போவோம். சதுப்பு, ஓடை, முள்ளு, மலை எதுவா இருந்தாலும் சரி. சில நாள் ராத்திரி கால்ல உணர்ச்சியே இல்லாம, வெறுங்கையோட வீட்டுக்கு வருவோம். அப்பவும் லீலண்டைப் பார்த்துச் சிரிக்கற உரிமை எங்களுக்கு இருந்துச்சு.

அப்புறம் அர்மாணுக்கு நெஞ்சு கெட்டுப் போச்சு. கிரானைட் பட்டறையில முப்பத்தோரு வருஷம் கல் அறுத்தவன். அத்தனை வருஷத் தூசியும் உள்ளே போய்க் குடியேறியிருக்கு. படுக்கையில இருந்து அடுப்பு வரைக்கும் நடந்தா நின்னு மூச்சு வாங்கறான். மூக்குல ஆக்ஸிஜன் குழாய், தோள்ல சின்ன சிலிண்டர். இவன் இனிமே தடம் பிடிச்சு மலை ஏறவா?

எங்க மாநிலத்துல, நடக்க முடியாதவங்களுக்கு ஒரு காகிதம் கொடுப்பாங்க. டாக்டர் எழுதிக் கொடுத்தா, வண்டியை ரோட்டை விட்டு இறக்கி நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, உள்ளே உட்கார்ந்தே சுடலாம். சட்டப்படி. அர்மாண் செப்டம்பர்ல அந்தக் காகிதத்தை வாங்கிட்டு வந்தான். மேஜை மேல வச்சான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அடப்பாவி, கடைசியில நீயும் டயர் கட்சிதானா?"ன்னு கேட்டேன். சத்தியமா விளையாட்டுக்குத்தான் கேட்டேன். அவன் சிரிக்கலை. காகிதத்தை எடுத்து மடிச்சு, வண்டி டேஷ்போர்டு பெட்டிக்குள்ள அடியில போட்டுட்டான். நாக்கைப் பிடுங்கிப் போடலாம்னு இருந்துச்சு எனக்கு.

சீசன் தொடங்கின ரெண்டாம் நாள் காலையில, அர்மாண் ஸ்டியரிங் மேல கையை வச்சுக்கிட்டு சொன்னான்.

"வெர்னா, இந்த வருஷம் ஒண்ணே ஒண்ணு. என் கையால ஒண்ணு. அது நடந்தா, நான் இன்னும் வேட்டைக்காரன்தான். நடக்கலைன்னா இந்தத் துப்பாக்கியை மறந்துடறேன். ஆனா எவனாவது சுட்ட மானோட கொம்புல என் பேர்ச் சீட்டைக் கட்ட மாட்டேன். புரிஞ்சுதா?"

"எனக்கு எதுக்குய்யா சொல்றே? நான் எனக்குத்தான் சுடப் போறேன்."

"அதான். நல்லா நினைவுல வச்சுக்கோ."

பழைய மரவெட்டுக்காரங்க கட்டை அடுக்கற வெட்டவெளி ஒண்ணு இருக்கு. அங்க வண்டியை ஓரமா நிறுத்தி, அவனை விட்டுட்டு நான் இறங்கினேன். அரை மைல் தள்ளி, ரோட்டைக் கடந்து ஒரு தடம் போயிருந்துச்சு. என் உள்ளங்கை அகலம் இருந்துச்சு. முன்னங்குளம்பு உடம்பு கனத்துல பனியில இழுபட்டிருக்கு, பெரிய கொம்பன்தான். பனி மெதுவா விழுந்துக்கிட்டே இருந்ததால தடம் மூடறதுக்குள்ள கிளம்பினேன்.

இனிமே நான் சொல்லப் போறதை, அஞ்சு வாரத்துக்கு முன்னாடி யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். முதல் ரெண்டு மணி நேரம் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. கொம்பன், பெட்டை மானுங்க படுத்திருந்த இடத்தையெல்லாம் மோந்து பார்த்துட்டு, ஊசியிலை மரங்களுக்குள்ள நுழைஞ்சு, ஓடையில இறங்கி, அந்தப் பக்கம் ஏறியிருந்துச்சு. மூணாவது மணி நேரத்துல வானமும் தரையும் ஒரே சாம்பல் நிறம் ஆயிடுச்சு. திசைகாட்டியைத் தேடினா அது வீட்டுல இன்னொரு கோட்டுல இருக்கு. பரவாயில்லை, முப்பது வருஷமா சுத்தற காடுதானேன்னு நடந்தேன். கொஞ்ச நேரத்துல தடத்துக்குப் பக்கத்துல ஒரு பூட்ஸ் தடம். எவன்டா இது, என் கொம்பன் பின்னாடி போறவன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நூறு அடி அவன் பின்னாடியே போய், ஒரு மரக்கட்டை மேல நான் தின்னுட்டு வச்சுட்டுப் போன ஆப்பிள் சக்கையைப் பார்த்தேன். அது என் பூட்ஸ். நான் வட்டம் அடிச்சிருக்கேன்.

கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரின்னு சொல்வாங்களே, அது அன்னிக்கு எனக்கு நடந்துச்சு. வடக்கு எது, ரோடு எது, மலை எந்தப் பக்கம், ஒண்ணும் புரியலை. கத்தலாமா? கத்தினா அர்மாணுக்குக் கேட்கும். கேட்டா அடுத்த முப்பது வருஷத்துக்கு அவன் சிரிப்பான். வேற வழி இல்லாம கொம்பன் பின்னாடியே போனேன். அதுக்காவது போற இடம் தெரியுமில்லையா?

மதியத்துக்கு மேல மரம் திடீர்னு முடிஞ்சுது. எதிரே வெட்டவெளி. நடுவுல கொம்பன், எட்டுக் கிளைக் கொம்போட, பக்கவாட்டுல நிக்குது. என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. துப்பாக்கி எப்ப தோளுக்கு வந்துச்சுன்னே தெரியாது. அது மறுபடி திரும்பறதுக்குள்ள விசையை இழுத்தேன். தோள்ல உதை விழுந்துச்சு. ஒரே ஒரு வெடிச் சத்தம். கொம்பன் ரெண்டு தாவு தாவி, பனியில முகம் குப்புற விழுந்துச்சு.

"விழுந்துட்டான்!"னு கத்தினேன்.

"விழுந்துட்டான்!"னு இன்னொரு குரலும் கேட்டுச்சு.

இடது கைப்பக்கம் பார்த்தா எங்க வண்டி. கண்ணாடி இறங்கியிருக்கு. உள்ளே அர்மாண், மூக்குல குழாய் இல்லாம, வாயைப் பிளந்துக்கிட்டு. நான் காலையில அவனை விட்டுட்டுப் போன அதே வெட்டவெளிக்கே வந்து சேர்ந்திருக்கேன்!

அவன் இறங்கி, பத்தடிக்கு ஒரு தடவை நின்னு நின்னு வந்தான். சிலிண்டரோட உஸ்ஸு சத்தம் மானுக்குக் கேட்கும்னு அதை மூடி வச்சிருந்தானாம். உதடு நீலம் பூத்திருந்துச்சு. குழாயை மாட்டிவிட்டுத் திறந்துவிட்டேன்.

"பார்த்தியா என் குறியை?"ன்னான்.

"எது உன் குறி? சுட்டது நான்."

"விளையாடாதே. ஒரு சத்தம்தான் கேட்டுச்சு. அது என் சத்தம்."

"எனக்கும் ஒரு சத்தம்தான்யா கேட்டுச்சு!"

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முழிச்சுப் பார்த்தோம். என் துப்பாக்கியைத் திறந்தேன், காலித் தோட்டா உறை துள்ளி விழுந்துச்சு. அவன் திறந்தான், அவனுக்கும் விழுந்துச்சு. ஒரே நொடியில ரெண்டு பேரும் சுட்டிருக்கோம். மானைப் புரட்டினோம். இடது விலாவுல ஒரு ஓட்டை. வலது பக்கம் ஒண்ணும் இல்லை. முன்னாடி, பின்னாடி, வயித்துல, கழுத்துல, வால் வரைக்கும் தடவிப் பார்த்தோம். ஓட்டை ஒண்ணுதான்.

"மான் என்னைப் பார்த்து நின்னப்ப இடது பக்கம் எனக்குத்தான் தெரிஞ்சுது"ன்னேன்.

"உன்னைத் திரும்பிப் பார்த்தப்ப எனக்கும்தான் தெரிஞ்சுது."

"தோட்டா உள்ளேதான் இருக்கணும். தேடலாமா?"

"தேடி என்ன பண்றது? ரெண்டும் ஒரே ரகத் துப்பாக்கி, ஒரே கடையில வாங்கின தோட்டா. அதுல பேரா எழுதியிருக்கும்?"

அதுவும் சரிதான். அவன் என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தான். அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்துச்சு. காலையில அவன் சொன்னது ஞாபகம் வந்துச்சு. என் மனசுக்குத் தெரியும், முன்னங்காலுக்குப் பின்னாடி தெரிஞ்ச விலாவைக் குறி பார்த்தேன், தவறவே இல்லை. ஆனா வாய் வேற சொல்லிடுச்சு.

"சரி விடு, உன்னுதுதான். நான் இழுக்கும்போது கை ஆடிச்சு. தவறவிட்டுட்டேன்."

"உனக்கு எப்ப இவ்வளவு நல்ல புத்தி வந்துச்சு?"

"சத்தியமாய்யா. தவறிடுச்சு."

"இன்னொண்ணு கேக்கறேன். இவ்வளவு பெரிய காட்டுல, அந்தக் கொம்பன் நேரா என் வண்டி முன்னாடி வந்து நிக்குது. பின்னாடியே நீ வர்றே. எனக்காக ஓட்டிட்டு வந்தியா?"

நான் என்ன சொல்ல? இல்லைய்யா, வழி தப்பிட்டேன், என் தடத்தையே நான் விரட்டிக்கிட்டு இருந்தேன்னா? முப்பது வருஷ மானம் தடுத்துச்சு. "கொம்பன் போற வழியில போனேன், அவ்வளவுதான்"னு முணுமுணுத்தேன். அவனுக்குச் சந்தேகம் போகலை. இருந்தாலும் நான் சத்தியம் பண்ணினதால தன் பேர்ச் சீட்டை எடுத்து, கொம்புல கட்டினான். முடிச்சை ரெண்டு தடவை இழுத்து இறுக்கினான்.

ஊர்க் கடையிலதான் மானை எடை போடணும். ஆர்லீன் கடை. வாசல்ல தராசு, உள்ளே காபி. உத்தரத்துல வரிசையா தொங்கற துணித் துண்டுங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு பேர், ஒரு வருஷம். எங்க ஊர் வழக்கம் அது. மானைப் பார்த்துச் சுட்டுத் தவறவிட்டவனோட சட்டை வாலை, அதான் பின்பக்கம் கீழே தொங்கற துணியை, கத்தரிச்சு அங்க மாட்டிடுவாங்க. லீலண்டோடது மட்டும் ஏழு இருக்கு. என்னுது ஒண்ணுகூட இல்லை.

நூத்தித் தொண்ணூத்திரெண்டு பவுண்டு. ஆளாளுக்கு விசில் அடிச்சாங்க.

"யாரு சுட்டது?"ன்னு லீலண்ட் கேட்டான்.

"அர்மாண்தான்"னு சொன்னேன். சொல்லும்போது ஒரு சிரிப்பு வந்துடுச்சு. நோயாளிப் பிள்ளையைப் பத்தித் தாய் சொல்லும்போது ஒரு சிரிப்பு வருமே, அது. இப்ப நினைச்சாலும் எனக்கு என் மேலயே எரிச்சல் வருது.

"நீ சுடலையா தாயே?"

"சுட்டேன். தவறிடுச்சு."

"அப்படிப் போடு!" லீலண்ட் கையைத் தட்டினான். "ஆர்லீன், கத்தரிக்கோலை எடு! மகாராணியோட சட்டை வால் இன்னிக்குத்தான் கிடைச்சுது."

ஆர்லீன் கத்தரிக்கோலோட வந்தா. நான் ரெண்டு கையாலயும் சட்டையைப் பின்னாடி பிடிச்சுக்கிட்டேன். "ஏய், போ அந்தப் பக்கம். இது நல்ல கம்பளிச் சட்டை, வெட்ட விட மாட்டேன்"னு சொல்லிட்டேன். தவறவிடாத எனக்கு எதுக்குச் சட்டை வால்? அதுதான் அப்ப மனசுல ஓடினது.

நான் தவறவிடவே இல்லை, புருஷனுக்கு விட்டுக் கொடுத்திருக்கேன்னு கடையில இருந்தவங்க முடிவு பண்ணிட்டாங்க. அப்புறம் எல்லார் முகத்துலயும் ஒரு கனிவு வந்துச்சு. லீலண்ட்கூட கேலியை நிறுத்திட்டு, "அர்மாண், நல்ல மான்ப்பா"ன்னு குழந்தைகிட்ட பேசற மாதிரி சொன்னான். அர்மாணுக்குப் புரிஞ்சு போச்சு. காபியைக் குடிக்காமலே வச்சுட்டு வண்டிக்குப் போயிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டான், பழைய போர்வையில சுத்தினான். "பரண்ல போட்டுடு"ன்னான். அப்புறம் அந்த அனுமதிக் காகிதத்தை எடுத்துட்டு வந்து, அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே போட்டான்.

"என்னய்யா பண்றே?"

"குளிருது."

"அர்மாண், அது உன் மான்தான்!"

"அப்ப எதுக்குச் சட்டையைப் பிடிச்சுக்கிட்டே?"

நல்லது பண்ணப் போய் இப்படி ஆயிடுச்சேன்னு அழுகை வந்துச்சு. இன்னொரு பக்கம் கோபமும் வந்துச்சு. என் மானையும் கொடுத்து, என் பேரையும் கெடுத்துக்கிட்டு, கடைசியில குற்றவாளி நானா?

எட்டு நாள் மான் கொட்டகையில தொங்கிச்சு. ஒன்பதாம் நாள் நான் தனியா வெட்டினேன். அர்மாண் பக்கத்துலயே வரலை. வலது தோள்பட்டையைப் பிரிக்கும்போது, தோலுக்கு அடியில கத்தி டக்குன்னு தட்டுச்சு. விரலை விட்டு எடுத்தேன். தோட்டா. கழுவி வெளிச்சத்துல பிடிச்சேன்.

செம்பு. நாலு இதழ் விரிஞ்சு பூ மாதிரி இருந்துச்சு, சுத்தமான செம்பு. என் தோட்டா முனையில ஈயம். அடிபட்டா நசுங்கிக் கறுப்பா, பாதி கரைஞ்சு போயிருக்கும். எங்க வீட்டுல ஏது செம்புத் தோட்டா? மூணாவதா எவனாவது சுட்டானா? லீலண்ட் எங்கேயாவது புதர்ல ஒளிஞ்சிருந்தானா? பத்து நிமிஷம் ரத்தக் கையோட நின்னு என்னென்னவோ யோசிச்சேன். அப்புறம் வண்டிக்கு ஓடினேன்.

சீட்டுக்கு அடியில அர்மாணோட தோட்டாப் பெட்டி. அக்டோபர்ல ஆர்லீன் கடையில நான்தான் வாங்கிட்டு வந்தேன். பெட்டியில கொட்டை எழுத்துல போட்டிருக்கு, செம்புன்னு. அன்னிக்கு ஆர்லீன் என்னமோ சொன்னா, "பழசு வரலை வெர்னா, இது புது மாதிரி"ன்னு. நான் லீலண்டோட டோநட் கதையை அவகிட்ட சொல்லிக்கிட்டு இருந்ததுல காதுல வாங்கவே இல்லை. எனக்கு மட்டும் வீட்டு அலமாரியில மிச்சம் இருந்த பழசை எடுத்துக்கிட்டேன். ரெண்டு பேருக்கும் புதுசுதான் வாங்கியிருக்கேன்னு அர்மாண் நினைச்சிருக்கான். அவன் தோட்டாவும் பழசுதான்னு நான் நினைச்சிருக்கேன்.

அப்ப சுட்டது அவன். நிஜமாவே அவன்தான். மூச்சை நிறுத்தி வச்சுக்கிட்டு, உதடு நீலம் பூக்க, ஒரே குறியில. நான் தவறவிட்டிருக்கேன். பொய்ன்னு நினைச்சுப் பண்ணின சத்தியம் அத்தனையும் நிஜம்! அவனுக்குப் பிச்சை போட்டதா நினைச்சு நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே, அதை எங்க கொண்டு போய்க் கொட்டறது?

வீட்டுக்குள்ள போய்க் கையைக் கழுவினேன். அதே கம்பளிச் சட்டையைப் போட்டேன்.

"எழுந்திரு. கடைக்குப் போகணும்."

"நான் வரலை."

"சிலிண்டரோட உன்னைத் தூக்கிட்டுப் போவேன். எழுந்திருய்யா!"

சனிக்கிழமை காலை. கடையில உட்காரக்கூட இடம் இல்லை. லீலண்ட் அவனோட வழக்கமான ஸ்டூல்ல இருந்தான். நான் மேஜை மேல செம்புத் தோட்டாவை வச்சேன். பக்கத்துல என் தோட்டா ஒண்ணையும், அர்மாணோட தோட்டா ஒண்ணையும் வச்சேன்.

"இது மானோட வலது தோள்ல இருந்துச்சு. இது என்னுது, ஈயம். இது அவனுது, செம்பு. கண்ணு இருக்கறவங்க பார்த்துக்கோங்க."

லீலண்ட் மூணையும் உருட்டி உருட்டிப் பார்த்தான். அர்மாணை நிமிர்ந்து பார்த்தான். "யப்பா, எத்தனை கஜம்?"ன்னான். இந்தத் தடவை குழந்தைகிட்ட பேசற குரல் இல்லை.

"நூத்திப் பத்து இருக்கும்"னான் அர்மாண். செம்புப் பூவை எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டான்.

நான் ஆர்லீன்கிட்ட கத்தரிக்கோலை வாங்கி அவன்கிட்ட நீட்டினேன். திரும்பி நின்னு சட்டையை வெளியே இழுத்துவிட்டேன். "வெட்டு."

"நல்ல கம்பளிச் சட்டைன்னியே."

"வெட்டுய்யான்னா!"

கத்தரிக்கோல் கோணிக் கோணி மேல ஏறி, முதுகுல பாதி வரைக்கும் போயிடுச்சு. கடையே சிரிச்சுச்சு. ஆர்லீன் பேனா கொடுத்தா. என் பேரும் வருஷமும் எழுதி, அடியில "நூத்திப் பத்து கஜத்துல, நின்ன மானை"ன்னு அவனே சேர்த்தான். "அநியாயம், ஐம்பது கஜம்கூட இருக்காது"ன்னு நான் கத்தினேன், அப்புறம்தான் அது எனக்கு இன்னும் கேவலம்னு உறைச்சுது. லீலண்ட் தன்னோட ஏழு துண்டுக்குப் பக்கத்துலயே இடம் விட்டு மாட்டினான்.

திரும்பி வரும்போது முதுகுல காத்து ஜில்லுன்னு ஏறிச்சு. நான்தான் ஓட்டினேன். அர்மாண் செம்புப் பூவை விரல்ல சுத்திக்கிட்டே இருந்தான்.

"ஒண்ணு மட்டும் உறுத்துது வெர்னா. சுட்டது நான்தான், சரி. ஆனா அதை நீதானே எனக்காக ஓட்டிட்டு வந்தே?"

இதையும் மறைச்சா அந்த மான்ல பாதி என்னுதாவே இருந்துடும்.

"இல்லை. நான் வழி தப்பிட்டேன்."

"என்னது?"

"திசைகாட்டியை வீட்டுல விட்டுட்டேன். என் பூட்ஸ் தடத்தையே எவனோன்னு நினைச்சு விரட்டினேன். அது உன் வண்டி இருக்கற வெட்டவெளின்னு எனக்குத் தெரியவே தெரியாது. போதுமா?"

அவன் சிரிக்க ஆரம்பிச்சான். தோள் குலுங்க, கண்ணுல தண்ணி வர, மூச்சு முட்டற வரைக்கும் சிரிச்சான். வண்டியை ஓரமா இறக்கி நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, சிலிண்டர் திருகைக் கூட்டிவிட்டேன். மூச்சு நிதானத்துக்கு வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, மரங்களுக்கு இடையில பனியைப் பார்த்தான்.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ"ன்னான்.

நான் சாவி மேல இருந்த கையை எடுத்தேன். "ஏன்? என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலை. அந்தக் காகிதத்தை மறுபடி எழுதி வாங்கணும். அடுத்த நவம்பருக்கு."